காற்றை மறைத்த பித்தளை

"நிமுந்து நின்னு பேசாதே, எனக்குக் கழுத்து நோவுது."

அவரை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். மரம் வெட்டும் ஆட்களிடம் சொல்வார். மிளகு மூட்டையோடு மலையிறங்கி வருகிறவர்களிடம் சொல்வார். மாரியம்மன் கோயில் பூசாரி தட்டை நீட்டியபோது அவரிடமும் சொன்னார். பூசாரி பாவம், முதுகு வளைத்துத்தான் திருநீறு கொடுத்தார்.

ஆள் குள்ளம். அதில் ஒரு குற்றமுமில்லை. என் அப்பாவும் குள்ளம்தான். ஊரில் அவர் குரலுக்குத் திரும்பிப் பார்க்காத ஆளில்லை. இந்த மனிதர் தன் உயரத்துக்கு ஊரையே வெட்டிக் குறைக்கப் பார்த்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

பேர் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லவர்கள், வழியில் பார்த்தால் நின்று பேசுகிறவர்கள். பேளுக்குறிச்சியில் எல்லோருக்கும் அவர் காண்ட்ராக்டர். கொல்லிமலையில் மரம் வெட்டக் குத்தகை எடுத்திருந்தார். இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு முன்னால் நான்கு வருஷம் அவருடைய காரை ஓட்டினேன். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிவிட்டு வந்தவன் என்பதால் ரிப்பேரும் என் தலையில்தான்.

அப்போது மலைமேல் கார் போக வழி கிடையாது. மேலிருந்து எல்லாம் தலைச்சுமையாகத்தான் இறங்கும். சந்தை நாளில் அடிவாரத்துப் புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லுவார். பின் சீட்டில் உட்கார்ந்தபடியே வியாபாரம். கீழே இறங்கமாட்டார். மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து பேசுவார்கள்.

வண்டி அமெரிக்காவிலிருந்து வந்தது, நல்ல உயரம். ஒரு சந்தை நாளில் படியில் கால் வைத்து ஏறும்போது அவருக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, வாயைப் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "வண்டியத் தணிக்கணும்."

"தணிக்கறதுங்களா?"

"ஒரு சாண் கீழ எறக்கு. மெட்ராஸ்ல பந்தயக் காரெல்லாம் அப்படித்தான் தரையோட தரையாப் போகுது. பாத்துட்டு வந்தேன்."

பந்தயக் கார் சமதளத்தில் ஓடுகிறது, நம் ரோட்டில் மாட்டுவண்டித் தடம் முழங்கால் ஆழம் இருக்கிறது என்று சொன்னேன். "உங்கிட்ட ரோசனை கேட்டனா?" என்றார். ராசிபுரத்தில் ஒரு கொல்லரிடம் கொண்டுபோய், வில்லாக வளைந்திருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சித் தட்டி நேராக்கினோம். வண்டி ஒரு சாண் இறங்கியது. இப்போது அவர் ஏறும்போது காலைத் தூக்க வேண்டியதில்லை. வாசற்படி தாண்டுகிற மாதிரி உள்ளே போய்விடுவார். ஜன்னலில் பேச வந்த மலைக்காரர்கள்தான் இன்னும் ஒரு சாண் குனிய வேண்டியதாயிற்று. வெள்ளையன் என்று ஒரு மிளகுக்காரன், ஆறடி ஆள், அவன் குனிந்தால் போதவில்லை. மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து பேசினான். காண்ட்ராக்டர் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் பார்த்தேன். சாப்பிட்டு முடித்தவன் முகம் மாதிரி இருந்தது.

தணித்த வண்டியின் வயிறு கல்லில் இடித்தது. ஒரே வாரத்தில் எண்ணெய்த் தொட்டி நசுங்கியது. அதற்காக முன் பம்பரிலிருந்து எஞ்சின் முடிகிற இடம்வரை அடியில் ஒரு தகரம் அடிக்கச் சொன்னார். அடித்தேன். கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து ஒரு பித்தளைத் தகடு வந்தது. நடுவில் அவர் பேர், இரண்டு பக்கமும் சிங்கம். ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டச் சொன்னார். மாட்டினால் மேலே நாலு விரல் இடம்தான் திறந்திருந்தது.

அந்தத் தகட்டை வேறு யாரும் தொடக்கூடாது. தினம் காலையில் அவரே புளி போட்டுத் தேய்ப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேய்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவரைப் பார்த்தால் யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆள் போலிருக்கும். உள்ளே இருந்து அவர் சம்சாரம் காப்பி கொண்டுவருவார். அந்தம்மா அவரைவிட உயரம். அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் தோளைச் சுருக்கி, தலையைத் தொங்கப்போட்டு, இரண்டு படி கீழே நின்றுதான் டம்ளரை நீட்டுவார். அவர் இல்லாத நேரத்தில் அதே அம்மா கிணற்றடியில் நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். வேறொரு பெண்ணோ என்று தோன்றும்.

தகடு மாட்டிய வாரமே வண்டி கொதிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் மூடிமேல் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். சூடு ஏற ஏற அதற்குள் சிவப்பு ரசம் மேலே வரும். சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் ரசம் உச்சிக்குப் போய்விடும். அப்புறம் புஸ்ஸென்று ஆவி.

"தண்ணி ஒழுங்கா ஊத்துனியா?"

"ரொம்பி வழிய ஊத்துனனுங்க."

"அப்பத் தண்ணி சரியில்ல. உங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணிய ஊத்துனியாக்கும்."

இதுதான் அவர். தன் கையால் வந்த கெடுதலுக்கு அடுத்தவன் கிணறு பொறுப்பு.

எனக்கு அது ஒரு ரோசமாகப் போயிற்று. தை மாதத்தில் ஒருநாள் ரோட்டோரக் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு உமி ரோட்டின்மேல் புகைபோலப் பறந்தது. அதற்குள்ளேதான் காரை ஓட்டிவந்தேன். வீட்டுக்கு வந்து, அவர் பார்க்காத நேரத்தில் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், ரேடியேட்டரின் உச்சியில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் உமி அப்பியிருந்தது. கீழே துடைத்து வைத்த மாதிரி சுத்தம். காற்று எங்கே போகிறதோ அங்கேதானே உமி போகும்? முக்கால்வாசி ரேடியேட்டருக்குக் காற்றே இல்லை என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

காண்ட்ராக்டர் காரை விட்டுவிட்டு ரயிலில் நான்கு நாள் வெளியூர் போனார். அந்தச் சமயத்தில் தகட்டைக் கழற்றினேன், அடித்தகரத்தையும் முழுசாகக் கழற்றினேன். சமதளத்தில் ரசம் பாதிக்குமேல் ஏறவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கரவள்ளிப் பக்கம் அடிவார ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது மறுபடி ஏறியது. இதற்கு என்ன காரணம் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன்.

கடைசியில் என் சம்சாரம் பழனியம்மாவைக் கூப்பிட்டு, தேங்காய்நாரைக் கொளுத்திப் புகையவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் பிடிக்கச் சொன்னேன்.

"காருக்குக் கண்ணேறு கழிக்கறீங்களா?" என்று சிரித்தாள்.

"பொக எங்க போகுதுன்னு சொல்லு."

குனிந்து பார்த்தாள். "பொறகால போகலீங்க. முன்னால சுத்தி வந்து அந்த மூக்குக்குள்ளயே போகுது."

விஷயம் அதுதான். வண்டி தரையோடு இருப்பதால் எஞ்சின் விட்ட சூடு கீழே பரவி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, விசிறி இழுக்கிற இழுப்பில் மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளிவிடும். மெதுவாகப் போனால் தள்ள ஆளில்லை. தகரத்தில் முன்பாதியை மட்டும் திருப்பி மாட்டினேன். பம்பரிலிருந்து ரேடியேட்டர் அடிவரைக்கும்தான். பின்பாதி திறந்தே கிடந்தது. பழனியம்மா மறுபடி நாரைப் பிடித்தாள்.

"இப்பப் பொறகால போகுதுங்க!"

முன்பாதித் தகரம் தடுப்பு, அது வேண்டும். பின்பாதி அடைப்பு, அது கூடாது. பித்தளைத் தகடு இருக்கவே கூடாது. மீதி இருந்த நாளில் ஏறாத ஏற்றமெல்லாம் ஏறினேன், ரசம் பாதியைத் தாண்டவில்லை.

அவர் வந்ததும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நம்பினேன், அந்த வயசு அப்படி. தகட்டைப் பின்பக்கம் மாட்டினால் போகிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கழற்றிக் கிடந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பேரை அவுத்து மண்ணுல வெச்சிருக்கற."

"சாக்குப் போட்டுத்தானுங்க வெச்சிருக்கறேன். உள்ள போற காத்துக்கு வெளிய போகவும் வழி வேணுமுங்க. அதுக்குத்தான்..."

"எங்காருக்கு மூச்சு உடக் கத்துக்குடுக்கறயா? நாளைக்கு எனக்கும் கத்துக்குடுப்ப."

எல்லாவற்றையும் பழையபடி மாட்ட வைத்தார். அடுத்த வாரம் இரண்டு பெரிய ஊதுகொம்பு வாங்கிவந்து, மேலே திறந்திருந்த அந்த நாலு விரல் இடத்தில் குறுக்காக மாட்டச் சொன்னார். கொம்பு வேண்டுமென்று வாங்கவில்லை. நான் கண்டுபிடித்துச் சொன்ன இடம் அது, அதை அடைக்க வாங்கினார். திருகாணியை நான் முறுக்க முறுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

சித்திரை மாதம், சந்தை நாள், நல்ல உச்சிவெயில். மலையிலிருந்து நாலு பேர் ஒரு தூளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக இறங்கி வந்தார்கள். தூளியில் வெள்ளையனுடைய சம்சாரம். பிரசவ வலி வந்து இரண்டாம் நாள், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாளாம். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பஸ் காலையிலேயே போய்விட்டது. ஊரில் இருந்த ஒரே கார் இவருடையது.

வெள்ளையன் ஜன்னலில் மண்டியிட்டான். "சாமி, காரு குடுங்க சாமி."

"என்ன?"

காதில் விழாமல் இல்லை. சந்தைக் கூட்டம் முழுக்கச் சுற்றி நின்றது. வெள்ளையன் மூன்று தரம் கேட்டான். மூன்றாம் தரம் நெற்றி கார்க் கதவில் பட்டது. அப்புறம்தான் காண்ட்ராக்டர் சரி என்று தலையை ஆட்டினார். பின் சீட்டில் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றினோம். வெள்ளையன் படியில் தொற்றிக்கொண்டான். காண்ட்ராக்டர் முன் சீட்டுக்கு மாறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உதவி செய்யப் போகிறவர் என்று சந்தையே பார்க்க வேண்டுமல்லவா?

மூன்று மைலில் கொதித்தது. நிறுத்தி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும், காத்திருந்துதான் ஆகவேண்டும். அப்புறம் இரண்டு மைல், மறுபடி கொதிப்பு. மூன்றாவது தடவை ஒரு மைல்கூடப் போகவில்லை. மரமில்லாத பொட்டல். பின் சீட்டில் அந்தப் பெண் கத்துவதை நிறுத்திவிட்டு முனக ஆரம்பித்திருந்தாள். கத்தலைவிட முனகல்தான் பயமாக இருந்தது.

"எசமான், தகட்டை மட்டும் கழட்டிர்றனுங்க. ரெண்டு நிமிசம்."

"கைய வெச்சுப் பாரு."

"பொறவு நானே மாட்டித் தாரனுங்க."

"தானா ஆறும். சும்மா நில்லு."

நின்றேன். ஸ்பானர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அரை மணி நேரம் நின்றேன். வீடு அவர் கொடுத்தது, வேலை அவர் கொடுத்தது, அவர் சொல்லைத் தாண்டி நான் எதையும் செய்ததில்லை. அந்தப் பெண்ணின் அம்மா ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

வெள்ளையன் இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினான். எங்கள் இரண்டு பேரையும் வெட்டப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் நேராகக் காருக்கு முன்னால் போய், பித்தளைத் தகட்டுக்குள் கொடுவாளைச் செருகி நெம்பினான். ஒரு பக்கத் திருகாணி தெறித்தது. கொம்பு இரண்டும் பிய்ந்து விழுந்தன. தகடு சிங்கம் மேலே பார்க்கப் பள்ளத்தில் கிடந்தது.

"டேய்!" என்று கத்தினார் காண்ட்ராக்டர். வெள்ளையன் திரும்பியே பார்க்கவில்லை. அடியில் புகுந்து தகரத்தைப் பிடித்தான்.

அப்போது என் வாய் திறந்தது. "வெள்ளையா, முன்பாதிய உடு. பொறகால இருக்கறதை மட்டும் புடுங்கு."

வாய்தான் திறந்தது. கை கட்டியபடியேதான் இருந்தது. அவன் சுடுமண்ணில் முதுகு தீயத் தீய, சுடுகிற தகரத்தை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான்.

தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். காண்ட்ராக்டர் அதற்குள் பள்ளத்தில் இறங்கித் தகட்டை எடுத்துவந்துவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவர் ஒவ்வொரு எழுத்தாகத் துடைக்கிறார். நாமக்கல் வரைக்கும் வண்டி கொதிக்கவில்லை. ரசம் பாதியிலேயே நின்றது. 

அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

அடுத்த சந்தையில் காண்ட்ராக்டர் எல்லோரிடமும் சொன்னார்: "ட்ரைவர் தண்ணி ஊத்தல. நான் என்ன செய்யறது?" அதோடு விட்டிருக்கலாம். காரைக் கொடுவாளால் வெட்டினான் என்று வெள்ளையன்மேல் பிராது கொடுத்தார். சாட்சி நான்.

"நீ சொல்ல வேண்டியது ஒண்ணுதான்," என்றார் கேஸுக்கு முதல் நாள். "வண்டி நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு, மலைக்காரன் கொடுவாளத் தூக்குனான். அவ்வளவுதான். கூண்டுல நிமுந்து நிக்காதே, பணிவா நில்லு."

கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். உமி ஒட்டியதையும் நார்ப் புகை சுற்றியதையும் சொன்னேன். தகரத்தைப் பிடுங்கச் சொன்னது நான்தான் என்றும் சொன்னேன். மேஜிஸ்ட்ரேட்டும் கார் வைத்திருந்தவர்போல. புகை விஷயத்தை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். "அப்ப வண்டி கொதிச்சதுக்குக் காரணம் அந்தத் தகடும் தகரமும்தானா?" என்றார்.

"தகடு என்னங்க செய்யும்? சொல்லியும் கழட்ட உடாதவருதானுங்க காரணம்."

வெள்ளையனை விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் என் வீட்டுச் சாமான் தெருவில் இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. பழனியம்மாவோடு சேலம் போய் லாரி ஷெட்டில் சேர்ந்தேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஏதாவது ஆகும் என்று கதைகளில்தான் வரும். புதுத் திருகாணி போட்டுத் தகட்டை மாட்டினார், புது ட்ரைவரை வைத்தார், பஞ்சாயத்தில் தலைமை வகித்தார். வயசாகி, மெத்தையில், பிள்ளைகள் சுற்றி நிற்கத்தான் உயிர் போயிற்று. இழவுக்கு நான் போகவில்லை. செய்தி வந்த அன்று ஷெட்டில் ஒரு லாரியைத் தூக்கி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தவில்லை.

வெள்ளையன் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போனேன். கேஸ் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை முழுக்க நடந்து மலை ஏறினேன். அவன் மிளகுக்கொடிக்குப் போயிருந்தான். அவன் சம்சாரம் வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. மோரைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்ததும் சொம்பை வாங்கி வைத்துவிட்டு மறுபடி உலக்கையை எடுத்தாள்.

காண்ட்ராக்டரைப் பற்றி என்னென்னவோ சொன்னேன். அவர் அப்படிப்பட்ட ஆள், ஈவிரக்கம் இல்லாதவர், ஊரே அறியும் என்றெல்லாம். உலக்கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது தெரிஞ்சதுதானுங்க," என்றாள். "நீங்க எதுக்கு நின்னீங்க?"

 எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பயமுங்க."

உலக்கை நின்றது. அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குந்தானுங்க பயம். ஊட்டுக்கு வந்து மூணு நாள் கொடுவாள் புடிச்ச அந்தக் கை நடுங்கிக்கிட்டே கெடந்துச்சு. நாந்தான் சோறு ஊட்டுனேன்."